பிக்கப் கிளட்ச் லைன் மாத்தி ஓட்டலாம்னு இருக்கேன், போர் போடற ரிக் வண்டி ஹோஸ் போட்டா தாங்குமா?

காரவள்ளி_லோடு:
வணக்கம்ங்க. நம்மகிட்ட ஒரு டீசல் பிக்கப் இருக்குதுங்க, அஞ்சு கியர், ஹைட்ராலிக் கிளட்ச். வண்டி பேரு போட மாட்டேன், போட்டா கேட்டதுக்கு பதில் வராது, கம்பெனி சண்டைதான் வரும். கொல்லிமலைக்கு சிமெண்ட், மளிகை ஏத்துறது, இறங்கறப்ப வாழை, பலா, மிளகு எது கிடைக்குதோ அது. பிரச்சனை என்னன்னா கீழ காரவள்ளில இருந்து கிளம்பறப்ப கிளட்ச் சுத்தமா இருக்கும், எழுபது கொண்டை ஊசில பாதி தாண்டுறதுக்குள்ள பெடல் கீழ போயிரும், மலை மேல சோளக்காடு போறப்ப ரிவர்ஸ் போட்டா கறக்குன்னு சத்தம், ஃபர்ஸ்ட் கியர் விழவே விழாது, இன்ஜின் ஆஃப் பண்ணி கியர் போட்டு ஸ்டார்ட் பண்ணணும். கொஞ்ச நேரம் நிறுத்தி டீ குடிச்சுட்டு வந்தா சரியாயிருது. கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் எல்லாம் புதுசு. பெடல் கிட்ட ஆயில தள்ற மாஸ்டர் சிலிண்டர்ல இருந்து வர்ற பைப்பு டர்போ கீழ இறங்கற சைலன்சர் பைப்ப ஒட்டித்தான் போகுது, கடைசியில ஒரு ரப்பர் ஹோஸ், அது வண்டி வாங்குனதுல இருந்து மாத்தல. நான் நினைக்கறது, இந்த பைப்பயே தூக்கிட்டு மாஸ்டர்ல இருந்து கியர்பாக்ஸ் கிட்ட கிளட்ச்ச தள்ற ஸ்லேவ் சிலிண்டர் வரைக்கும் ஒரே ஹோஸா, கொஞ்சம் பெருசா, திருச்செங்கோட்டுல ரிக் வண்டிக்கு அடிக்கற கடையில முனைய அழுத்தி கிரிம்ப் பண்ணி போட்டுட்டா என்ன? ஜாக்கியே தூக்கற ஹோஸு, கிளட்ச்ச தாங்காதா?

மதுரை_டீசல்:
தாராளமா போடுங்கண்ணே. எங்க ஏரியாவுல ரெண்டு மூணு வண்டிக்கு அப்படித்தான் போட்டு ஓடுது. பெரிய பைப் போட்டா ஆயில் நெறைய போகும், பெடலும் லேசாயிரும். முடிஞ்சா ஸ்டீல் வலை போட்ட ஹோஸா போடுங்க, கிளட்ச் பிரிக்கறதே வேற லெவல்ல இருக்கும்.

பட்டறை_தம்பி:
மதுரை அண்ணே, பெடல் லேசாகும்னு யார் சொன்னா? பெடல் கனம் பைப் சைஸ்ல இல்ல. மாஸ்டர் பிஸ்டன் எவ்வளவு, ஸ்லேவ் பிஸ்டன் எவ்வளவு, பெடல் நெம்புகோல் எவ்வளவு, பிரஷர் பிளேட் எவ்வளவு, இந்த நாலுதான். உதாரணத்துக்கு மாஸ்டர் 5/8 இஞ்ச் அதாவது 15.87 மிமீ, ஸ்லேவ் 13/16 இஞ்ச் 20.64 மிமீன்னு வைங்க. மாஸ்டர் 30 மிமீ உள்ள போனா கிட்டத்தட்ட 6 சிசி ஆயில் தள்ளும், அந்த 6 சிசி ஸ்லேவ்ல 17.7 மிமீ தள்ளும். நடுவுல பைப் பென்சில் மொத்தமா இருந்தாலும் கை மொத்தமா இருந்தாலும் அதே 6 சிசிதான் போகும். கம்பெனி பைப் வெளி விட்டம் 4.75 மிமீ, உள்ள மூணு மிமீ சொச்சம், அதுவே போதும். பெருசா போட்டா உள்ள தங்கற ஆயில்தான் அதிகம், காத்து மாட்டிக்கிட்டா வெளிய தள்ளறதும் கஷ்டம்.

காரவள்ளி அண்ணா, நீங்க லைன மாத்தறதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணுங்க. கீழ ஒருத்தர படுக்க வச்சு, ஸ்லேவ் ராட் எவ்வளவு வெளிய வருதுன்னு ஸ்கேல் வச்சு அளங்க. காலையில ஆறுன வண்டில ஒரு தடவ, மேல ஏறி கியர் விழாதப்ப ஒரு தடவ. சைலன்சர் கொதிக்கும், கை பத்திரம். அந்த ரெண்டு அளவு இல்லாம இங்க என்ன பேசினாலும் ஜோசியம்தான்.

இன்னொண்ணு, பெடல மிதிச்சு பிடிச்சுட்டே இருங்க. காலை எடுக்காமலே ராட் மெல்ல உள்ள போகுதுன்னா, வெளிய ஒரு சொட்டு லீக் இல்லன்னா, மாஸ்டர் வாஷர் உள்ளுக்குள்ளயே ஆயில விடுது. அதுக்கு தங்கத்துல லைன் போட்டாலும் புண்ணியம் இல்ல.

ஹோஸ்_கிரிம்ப்:
நான் திருச்செங்கோட்டுல அந்த மாதிரி கடையிலதாங்க இருக்கேன், ரிக், ஜேசிபி ஹோஸ் தான் தினமும். சொல்லிடறேன், கிளட்சுக்கு அந்த ஹோஸ் வேண்டாம். எங்க ஆளுங்களே அடிச்சு குடுத்துருவாங்க, கேட்டா "இது 225 பார் தாங்கும்ணா"ம்பாங்க, அது பொய் இல்ல, ஒரு கம்பி வலை இருக்கற கால் இஞ்ச் ஆர்1 ஹோஸ் வொர்க்கிங் பிரஷரே 225 பார், ரெண்டு வலை இருக்கற ஆர்2 எடுத்தா 400. உங்க கிளட்ச்ல என்ன வரும்? பெடல்ல 15 கிலோ மிதிச்சா, நெம்புகோல் ஆறு மடங்குன்னா 90 கிலோ, பட்டறை தம்பி சொன்ன 15.87 மாஸ்டர்ல ஒரு சதுர செண்டிமீட்டருக்கு 45 கிலோ. அதனால வெடிக்காது. வேற பிரச்சனை.

ரிக் ஹோஸ் உள்ள இருக்கற ரப்பர் நைட்ரைல். ஹைட்ராலிக் ஆயில் அதாவது மினரல் ஆயிலுக்கு செஞ்சது. கிளட்ச்லயும் ஊத்தறது பிரேக் ஆயில்தான், அது அந்த ஜாதி இல்லீங்க, கிளைக்கால். நைட்ரைல்ல பிரேக் ஆயில் நின்னா ரப்பர் ஊறி மெத்துன்னு ஆயிரும், உள் சுவரு உரிஞ்சு வரும், கருப்பா தூள் தூளா ஆயில்ல மிதக்கும், அது போய் மாஸ்டர்ல இருக்கற சின்ன ஓட்டைய அடைக்கும். போட்ட உடனே ஒண்ணும் தெரியாது, அதான் "எங்க ஏரியாவுல ஓடுது"ன்னு சொல்றாங்க. பிரேக், கிளட்ச் ஹோஸ் உள்ளயும் வாஷர்லயும் இருக்கறது இபிடிஎம் ரப்பர். அது பிரேக் ஆயில தாங்கும், ஆனா மினரல் ஆயில் ஒரு சொட்டு பட்டாலும் வீங்கிரும். ரெண்டும் நேர் எதிர்.

எங்க கடையில கிளட்சுக்கு ஆவறது ஒண்ணே ஒண்ணு, ஆர்14. உள்ள டெஃப்லான், வெளிய ஸ்டெயின்லெஸ் வலை. டெஃப்லானுக்கு எந்த ஆயிலும் ஒண்ணுதான். ஆனா அதுக்கு ஃபிட்டிங்கும் தனி, கிரிம்ப் அளவும் தனி, ஆர்1 ஃபிட்டிங்க அதுல வச்சு அழுத்தி குடுத்தா வாங்காதீங்க. அப்புறம் அடிச்சு முடிச்ச ஹோஸுக்குள்ள டெஸ்ட் பண்ண ஹைட்ராலிக் ஆயில் நிக்கும், அத ஸ்பிரிட் விட்டு கழுவி ஊதிட்டு மாட்டணும்.

மதுரை_டீசல்:
அட, இது நமக்கு தெரியாதே. அந்த வண்டிகள்ல ஒண்ணுல ஆயில் கருப்பா வருதுன்னு போன வாரம் வாஷர் கிட் மாத்துனாங்க. ஹோஸ யாரும் பாக்கல.

சும்மா_பாக்க_வந்தேன்:
ஆயில் மாத்து, வாஷர் மாத்து, மாஸ்டர் மாத்து, கடைசியா டிரைவர மாத்து. ஹோஸ் மட்டும் அப்படியே இருக்கட்டும் 😂

காரவள்ளி_லோடு:
அளந்துட்டேங்க. காலையில 15 மிமீ வருது. மேல கியர் விழாதப்ப 10. பெடல பிடிச்சுட்டே இருந்தா ராட் நிக்குது, உள்ள போகல. இன்னொண்ணும் பாத்தேன், மேல அந்த நேரத்துல பெடல படபடன்னு அஞ்சாறு தடவ அடிச்சா கொஞ்சம் மேல வருது, ராட் 12 கிட்ட வருது, கியர் விழுந்துருது. ஆயில் கலரு டீ டிகாஷன்.

டல்லஸ்_தமிழன்:
அருமையான அளவுங்க இது. 15க்கும் 10க்கும் நடுவுல 5 மிமீ, அந்த ஸ்லேவ் சைஸ் உங்களுதுன்னா ஏறத்தாழ 1.7 சிசி எங்கயோ காணாம போகுது. ஹோஸ் வீங்கறதால மட்டும் இவ்வளவு போகாது. இங்க அமெரிக்காவுல பிரேக் ஹோஸுக்கு ஒரு ரூல் இருக்கு, சின்ன சைஸ் சாதாரண ஹோஸ் 1000 பிஎஸ்ஐ குடுத்தா ஒரு அடிக்கு 0.66 சிசிக்கு மேல வீங்கக்கூடாது. உங்க பிரஷர் அதுல முக்கால்வாசி கூட இல்ல. ஹோஸ் கிழடு தட்டி கொஞ்சம் கூட வீங்குதுன்னே வச்சாலும் மிச்சம் இடிக்குது. அதோட ஹோஸ் மட்டும்னா காலையிலயும் வீங்கணும்ல? சூட்டுல மட்டும் வருது, பம்ப் அடிச்சா ஏறுது, ஆறுனா சரியாகுது. உள்ள ஆயில் கொதிச்சு ஆவி ஆகுது. ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது, அவ்வளவுதான்.

பட்டறை_தம்பி:
அதே. டாட் 3 ரக பிரேக் ஆயில் புதுசுல குறைஞ்சது 205 டிகிரி வரைக்கும் கொதிக்காது, ஈரம் ஏறிட்டா 140. டாட் 4ன்னா 230, ஈரத்துல 155. அந்த 140ங்கறதே ஓரளவு ஈரத்துக்குத்தான், டிகாஷன் கலர்ல இருக்கற ஆயில் அதுக்கும் கீழ எங்க நிக்குதோ. டர்போ பைப்ப உரசிட்டு போற லைன், செகண்ட் கியர்ல லோடோட மலை, காத்து ஓட்டமும் கிடையாது. எல்லாரும் பிரேக் ஆயில மாத்துவாங்க, கிளட்ச் ஆயில் டப்பாவ மூடி திறந்து லெவல் மட்டும் பாத்துட்டு மூடிருவாங்க.

அப்ப லைன் மாத்த வேண்டாமான்னா, மாத்தணும். ஆனா நீங்க நினைச்ச காரணத்துக்கு இல்ல. பைப் போற பாதைய மாத்துங்க, சைஸ விடுங்க. நான் பண்றதா இருந்தா இப்படி பண்ணுவேன்: மாஸ்டர்ல இருந்து கேபின் சுவர் ஓரமாவே சைலன்சருக்கு எதிர்ப்பக்கம் இழுத்து, சேஸிஸ் மேல கிளாம்ப் போட்டு இறக்கி, கியர்பாக்ஸ் பக்கத்துல பிராக்கெட் அடிச்சு, அங்க இருந்து ஸ்லேவ் வரைக்கும் மட்டும் ஹோஸ். முழு நீளமும் ஹோஸா போடலாம்தான், ஆனா தொங்கும், ஆடும், எங்கயாவது போய் சூட்டுல ஒட்டும்.

காரவள்ளி_லோடு:
நம்ம ஊரு மெக்கானிக் ஏசி கடையில காப்பர் பைப் வாங்கிட்டு வாங்க வளைச்சு போட்ருவோம்கறாரு. அப்புறம் முழுசா பைப்பே போட்டுட்டா ஹோஸே தேவையில்லையேங்கறாரு.

பட்டறை_தம்பி:
ரெண்டுக்கும் கையெடுத்து கும்பிட்டு வேண்டாம்னு சொல்லிடுங்க. சுத்த காப்பர் அதிர்வுல இறுகி இறுகி வெடிப்பு விடும், அதுவும் டீசல் வண்டி அதிர்வுக்கு ஃபிட்டிங் ஓரத்துலயே பொட்டுன்னு போகும். ஸ்டீல் பிரேக் பைப் எடுங்க, இல்ல காப்பரும் நிக்கலும் கலந்த பைப் கிடைக்கும், கையிலயே வளையும், துரு பிடிக்காது, விலை கூட.

ஹோஸ் ஏன் வேணும்னா, இன்ஜினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுண்ட்ல ஆடிட்டு இருக்கு, சேஸிஸ் ஆடாது. நடுவுல விறைப்பா பைப் போட்டா ஒவ்வொரு தடவ கிளட்ச் விடறப்பவும் அந்த பைப்ப வளைச்சு வளைச்சு நிமித்தறீங்க. ஹோஸ் போட்டாலும் இழுத்து கட்டக்கூடாது, கொஞ்சம் தொய்வு விடணும், முறுக்கக்கூடாது. டெஃப்லான் ஹோஸ் ஒரு தடவ மடிஞ்சா அந்த மடிப்பு போகவே போகாது, தூக்கி போட வேண்டியதுதான். அந்த ஸ்டெயின்லெஸ் வலையும் சும்மா இல்ல, ஒயரிங், வேற பைப் எது மேல உரசினாலும் அரம் மாதிரி அறுத்துரும், மேல பிளாஸ்டிக் கோட்டிங் இருக்கறத வாங்குங்க.

ஹோஸ்_கிரிம்ப்:
ஃபிட்டிங் பத்தி யாரும் சொல்லல, அங்கதான் பாதி பேர் மாட்டறாங்க. மரை எம்10, ஒரு மிமீ பிட்ச்னு இருக்கும் நிறைய வண்டில, சரியா ஏறும், டைட்டாவும் ஆகும், ஆனா ஒழுகும். ஏன்னா பைப் முனை விரிச்சிருக்கற விதம் வேற. ஜப்பான் வண்டில 45 டிகிரி, ரெண்டு மடிப்பு மடிச்சு விரிச்சது. ஐரோப்பா டிசைன்ல முனை குமிழ் மாதிரி இருக்கும். ஏஎன் ஃபிட்டிங் 37 டிகிரி. மூணும் ஒண்ணுக்கொண்ணு உக்காராது. உக்காரலன்னு டெஃப்லான் டேப் சுத்தி டைட் பண்றாங்க பாருங்க, அடிக்கணும் போல இருக்கும். இங்க சீல் ஆகறது முனையில, மரையில இல்ல. நடுவுல ஆயில் போற ஓட்டை இருக்கற பேஞ்சோ போல்ட் இருந்தா ரெண்டு பக்கமும் புது காப்பர் வாஷர் போடுங்க, பழசு வேண்டாம். பழைய பைப்ப அப்படியே கழட்டி கடைக்கு எடுத்துட்டு போங்க, போன்ல போட்டோ அனுப்பினா கோணம் தெரியாது.

காரவள்ளி_லோடு:
சரிங்க புரிஞ்சுது. இன்னொரு சந்தேகம். நம்ம லைன் நடுவுல உருண்டையா ஒரு டப்பி இருக்குது, பைப் உள்ள போய் வெளிய வருது. அத எடுத்துடலாமா? யூடியூப்ல ஒருத்தர் அத எடுத்து தூக்கி போட்டுட்டு இப்பதான் கிளட்ச்சே கிளட்ச் மாதிரி இருக்குதுன்னாரு.

டல்லஸ்_தமிழன்:
அது அனேகமா டேம்பர். இங்க டொயோட்டா டகோமா மூணாவது தலைமுறை, 2016ல இருந்து வந்தது, ஆறு கியர் மேனுவல் வச்சிருக்கறவங்க இத கழட்டறது ஒரு சடங்கு. அவங்க அக்யூமுலேட்டர்னு சொல்வாங்க. கிளட்ச் எங்க பிடிக்குதுன்னு காலுக்கு தெளிவா தெரியுதுங்கறது உண்மைதான், அந்த டேம்பர் உள்ள ஒரு டயாஃபிரம் இருக்கும், கொஞ்சம் அமுங்கி குடுக்கும், அத எடுத்தா அந்த அமுங்கல் போயிரும். ஆனா அத ஏன் வச்சான்? கிராங்க் சுத்தறப்ப வர்ற அதிர்வு பிரஷர் பிளேட் விரல் வழியா பேரிங்க்கு வந்து, ஆயில் வழியா நேரா உங்க பாதத்துக்கு வரும், அத விழுங்கறதுக்குத்தான். டகோமா பெட்ரோல் வி6, அதுலயே எடுத்தப்புறம் பெடல் கிர்ருங்குதுன்னு சொல்றவங்க இருக்காங்க. உங்களுது நாலு சிலிண்டர் டீசல், லோடு வண்டி. நாள் பூரா அந்த பெடல்ல கால் வைக்கணும் நீங்க.

இன்னொரு ஐட்டம் இருக்கு, அதையும் இதையும் குழப்பிக்கறாங்க. டிலே வால்வு. அது ஒரு சின்ன ஓட்டை, ஆயில் திரும்பி வர்றத தாமதப்படுத்தும், பெடல சடக்னு விட்டாலும் கிளட்ச் மெதுவா பிடிக்கும். பிஎம்டபிள்யூ ஆளுங்க எடுக்கறது அத. அது இருந்தா வேகமா கியர் மாத்தறப்ப ஒரு நொடி வழுக்கும். எடுத்தா லாபம் உண்டு, ஆனா புது ஓட்டுநர் கையில குடுத்தா கியர்பாக்ஸ்க்கும் ஜாயிண்ட்டுக்கும் உதைதான்.

பட்டறை_தம்பி:
டேம்பர விட்டுடுங்க அண்ணா. லீக் இல்லாத வரைக்கும் இருக்கட்டும். ஆனா புது பாதையில அத எங்க வைக்கறீங்கன்றது முக்கியம், அது லைன்லயே மேடான இடமா அமைஞ்சா காத்து அங்க போய் உக்காந்துக்கும், ஏர் எடுக்கறதுக்குள்ள பொழுது விடிஞ்சிரும். மாஸ்டர்ல இருந்து ஸ்லேவ் வரைக்கும் இறங்கிட்டே போகணும், நடுவுல ஏறி இறங்கக்கூடாது.

வலிகாமம்:
நான் யாழ்ப்பாணத்தில பழைய ஹைலக்ஸ் ஒண்டு வச்சிருக்கிறன். கிளச் லைன் மாத்தினாப்பிறகு பெடல் அடிச்சு அடிச்சு காத்து எடுக்கிறது பெரிய சீவன் போற வேலை. நான் செய்யிறது தலைகீழ். பெரிய ஊசி, மருந்துக்கடையில வாங்கிறது, ஊசிமுனை இல்லாமல். அதில புது எண்ணெய் நிரப்பி, தெளிவான குழாய் ஒண்ட மாட்டி, ஸ்லேவில காத்து எடுக்கிற நிப்பிளுக்கால கீழ இருந்து மேல மெதுவா தள்ளுங்கோ. காத்துக்கு மேல போறதுதான் சுகம், மேல டப்பாவில குமிழ் குமிழா வரும். டப்பாவில இருக்கிற பழைய எண்ணெய முதல் உறிஞ்சி எடுத்திடுங்கோ, இல்லாட்டி வழிஞ்சு பெயின்ற் எல்லாம் போயிடும். பட்டிட்டுதெண்டா துடைக்காதேங்கோ, தண்ணி ஊத்துங்கோ. ஊசியில இருக்கிற கறுப்பு ரப்பர் பிரேக் எண்ணெய்க்கு ஒத்துவராது, ஒருக்கா பாவிச்சா எறிஞ்சிடுங்கோ.

காரவள்ளி_லோடு:
இந்த ஐடியா நல்லாருக்குதுங்க. மெக்கானிக்குக்கு காட்டறேன்.

பட்டறை_தம்பி:
மாட்டினப்புறம் ஒரு வேலை பாக்கி இருக்கு. மாஸ்டர் புஷ் ராட்ல துளி ஆட்டம் இருக்கணும், ஒரு மிமீ போதும். சில பேர் பெடல் மேல பிடிக்கட்டும்னு அந்த ராட நீட்டி நீட்டி வைப்பாங்க, பிஸ்டன் முழுசா பின்னாடி வராது, டப்பாவுக்கு ஆயில் திரும்பற சின்ன ஓட்டை திறக்காது. சூட்டுல ஆயில் விரியும், போக இடம் இல்ல, தானாவே கிளட்ச்ச லேசா மிதிச்ச மாதிரி ஆயிரும். வண்டி ஏறாது, புது பிளேட் கருகும். அப்புறம் லைன் மாத்தினதால வந்த வினைன்னு பேரு வாங்கும். பழைய பிரேக் மாஸ்டர எடுத்து கிளட்சுக்கு போடறவங்களுக்கும் இதே கதி வரும், டிரம் பிரேக் மாஸ்டர் சிலதுல கொஞ்சம் பிரஷர பிடிச்சு வைக்கற வால்வு உள்ள இருக்கும், அத கழட்டாம போட்டா கிளட்ச் முழுசா பிடிக்காது.

காரவள்ளி_லோடு:
வேலை முடிஞ்சுதுங்க. சொன்னபடி ஸ்டீல் பைப், கேபின் சுவர் ஓரமா எதிர்ப்பக்கம் இழுத்து, சைலன்சர தாண்ட வேண்டிய ஒரே இடத்துல நாலு விரல் இடைவெளி விட்டு மேல ஃபைபர் கிளாஸ் உறை போட்டாச்சு, சைலன்சர் பக்கம் ஒரு தகடும் அடிச்சாச்சு. கடைசியில ஒன்னேகால் அடிக்கு ஆர்14 ஹோஸ். டப்பி அங்கயே இருக்குது, தாழ்வா வச்சாச்சு. டாட் 4 ஊசில கீழ இருந்து ஏத்தினோம், வலிகாமம் ஐயாவுக்கு நன்றி, மெக்கானிக் வாய பொளந்துட்டாரு. பழைய ஹோஸ கத்தில கிழிச்சு பாத்தேன், உள்ள ஒரு பக்கம் ரப்பர் தனியா தூக்கிட்டு நிக்குது. லோடோட சோளக்காடு ஏறி அங்கயே அளந்தேன், 14.5 வருது. ரிவர்ஸ் சத்தமில்லாம விழுது. பெடல் கனம் அதே கனம்தான், மதுரைண்ணே 😄

மதுரை_டீசல்:
சரிப்பா சரிப்பா, விட்டுருங்க 😄 அந்த ரெண்டு வண்டிக்காரங்களுக்கும் சொல்லிட்டேன், ஹோஸ கழட்டறாங்க.

பட்டறை_தம்பி:
தூக்கிட்டு நிக்கற ரப்பர் ஒன்வே வால்வு மாதிரி வேலை செய்யும், பெடல் விட்டாலும் ஆயில் மெதுவாதான் திரும்பும். உங்களுக்கு கிளட்ச் விடறப்ப ஒரு இழுவை இருந்திருக்கணுமே, இப்ப போயிருக்கும் பாருங்க.

காரவள்ளி_லோடு:
ஆமாங்க, நான் அது பெடல் ஸ்பிரிங்குன்னு நினைச்சுட்டு இருந்தேன்.

ஊத்துக்குளி_பால்வண்டி:
இழை பூரா படிச்சேன். எனக்கு ஸ்லேவ் வெளிய இல்ல, கியர்பாக்ஸ் ஷாஃப்ட்ட சுத்தி, கிளட்ச்ச மூடியிருக்கற பெல் ஹவுசிங் உள்ளயே இருக்கு, பேரிங்கும் அதுலயே சேந்து வருது. எனக்கும் இதே மாதிரி லைன் மாத்தலாமா? ராட் அளக்க வழியே இல்லையே. மாஸ்டர் 3/4 இஞ்சா மாத்தினா பெடல் மேலயே பிடிக்கும்னு ஒருத்தர் சொல்றாரு.

பட்டறை_தம்பி:
பெல் ஹவுசிங் வெளிய வர்ற முனை வரைக்கும் லைன் மாத்தறது அதே கதைதான், பயம் இல்ல. மாஸ்டர மட்டும் தொடாதீங்க. 15.87ல இருந்து 19.05க்கு போனா தள்ளற ஆயில் 1.44 மடங்கு, பெடல் கனமும் 1.44 மடங்கு. வெளிய இருக்கற ஸ்லேவ்னா அதிகமா போனா பிரஷர் பிளேட் விரல் அழுந்தும், ராட் முட்டும், தெரிஞ்சுக்கலாம். உங்களுதுல உள்ள இருக்கற பிஸ்டன் எல்லை தாண்டி வெளிய வந்தா சீல் கழண்டு ஆயில் மொத்தமும் கிளட்ச் பிளேட் மேல. கியர்பாக்ஸ் இறக்கணும். அதே காரணத்துக்கு புதுசா மாட்டினப்புறம் ஏர் இருக்கறப்பவே வேகமா முழுசா மிதிச்சு மிதிச்சு பாக்காதீங்க. அளக்க வழின்னா, ரிவர்ஸ் டெஸ்ட் பண்ணுங்க: ஐடிலிங்ல பெடல தரையோட மிதிச்சு மெதுவா மூணு எண்ணிட்டு ரிவர்ஸ் போடுங்க, கறக்குன்னா முழுசா பிரியல. அப்புறம் கியர்லயே வச்சுட்டு மெல்ல விட்டு, தரையில இருந்து எவ்வளவு உயரத்துல பிடிக்குதுன்னு ஸ்கேல் வச்சு குறிச்சுக்கோங்க. ஆறுன வண்டில ஒண்ணு, பால் இறக்கிட்டு சூடா திரும்பறப்ப ஒண்ணு. ரெண்டையும் இங்க போடுங்க, ஆயில் என்ன கலர்னும் சேத்து.